ஆற்றில் போட்ட கண் குளத்தில் கிடைக்குமா?

நம் விருத்தாசலத்தின் பெருமையைச் சொல்ல வருகின்றவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளுவது சுந்தரர் கதையைத்தான். அவர் இவ்வூருக்கு வந்து பாடினாராம். அதற்காகக் கடவுள் 12,000 பொன் கொடுத்தாராம். அந்தப் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூருக்குப் போய், அங்குள்ள கோயில் குளத்தில் இறங்கித் தடவி எடுத்துக்கொண்டாராம். "ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிறான்" என்று உலகமெல்லாம் புத்தியில்லாதவனைப் பார்த்துச் சொல்லுகின்ற வார்த்தை, நம் ஊர்ப் புராணத்தில் மாத்திரம் பக்தனுக்குக் கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரமாக இருக்கின்றது.

அதே சுந்தரருக்குக் கண் போன கதையும் ஒன்று உண்டு. திருவொற்றியூரில் சங்கிலியார் என்கின்ற பெண்ணுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறினார் என்பதற்காக இரண்டு கண்களும் போய்விட்டனவாம். திருவெண்பாக்கத்தில் அழுததற்கு ஓர் ஊன்றுகோல் கிடைத்ததாம். காஞ்சீபுரத்தில் அழுததற்கு ஒரு கண் வந்ததாம். திருவாரூரில் அழுததற்கு மற்றொரு கண்ணும் வந்துவிட்டதாம்.

12,000 பொன் ஆற்றோடு போயிருந்தாலும் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால், "போன கண் எப்படியாவது திரும்பி வரும்" என்கின்ற எண்ணம் இருக்கின்றதே, அது இன்றைக்கும் நம் தெருவிலே மனிதர்களைக் குருடாக்கிக்கொண்டு வருகின்றது. கோயிலுக்குப் போகின்றவர்களை மாத்திரம் அல்ல, போகாதவர்களையும் சேர்த்தே குருடாக்குகின்றது. ஆதலால்தான் இவ்வாரம் கண்ணைப்பற்றி எழுத வந்தோம்.

ஒரு தோழரின் கண்

நம் தோழர் ஒருவர் இருக்கின்றார். பெயர் வேண்டியதில்லை. பீங்கான் பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் சூளை வேலை பார்த்தவர். மண் தூசியும் சூளை அனலும் பட்டு அவர் கண் அடிக்கடி சிவக்கும், உறுத்தும். அதற்கு வைத்தியரிடம் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். மருந்துக் கடையில் போய் "கண்ணு சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்றால் காசோடு வேலை முடிந்துவிடும். போட்ட மறுநாளே சிவப்பு மறையும், உறுத்தல் நிற்கும். "நல்ல மருந்து" என்று அதையே வருஷக்கணக்காக வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பிருந்து அவர் நடையில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. பச்சைப் பாண்டம் அடுக்கிய பலகையில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் வந்த சைக்கிளைப் பார்க்காமல் குறுக்கே போய் விழுவார். ஊரார் குடிக்கின்றார் என்றார்கள். முதலாளி கவனமில்லை என்றார். அவருக்கோ எதிரே இருக்கும் ஆளின் முகம் தெரிந்தது. பத்திரிகை எழுத்துத் தெரிந்தது. ஊசியில் நூல்கூடக் கோப்பார். ஆதலால் கண்ணில் குற்றம் என்று அவருக்கே தோன்றவில்லை.

அவர் மனைவி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தார். வெளியூர்த் தோழர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கோயிலில், கலெக்டருக்கு மனு எழுதுவதுபோல் முருகனுக்குக் காகிதத்தில் மனு எழுதிக் கட்டணமும் செலுத்திக் கட்டிவிட்டு வருவார்கள். காரியம் நடந்துவிட்டால் பிராதைத் திரும்பப் பெறும் சடங்கும் உண்டு. காணாமற்போன மாட்டுக்கும், கொடுத்து வராத கடனுக்கும் எழுதுகின்ற அந்தப் பிராதை அந்த அம்மாள் புருஷன் கண்ணுக்காக எழுதினார். மாசங்கள் போயின. மாடாக இருந்தால் காத்திருக்கும் காலத்தில் தானாகவே வீடு திரும்பவும் கூடும். கண் அப்படித் திரும்புகின்ற வஸ்து அல்ல.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு கண் முழுதும் போயிருந்தது. மற்றக் கண் புகைப்போக்கிக் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மாத்திரம் தெரிந்தது. வைத்தியர் சொன்ன பெயர் கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய்.

அன்று சாயங்காலம் அவர் நம்மிடம் கேட்டார்: "அண்ணே, ஆபரேஷன் பண்ணினா வந்துடும் இல்ல? எங்க மாமியாளுக்கு வந்துச்சே?"

நமக்கு மேடையில் பதில் சொல்லிப் பழக்கம் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

புரை வேறு, அழுத்தம் வேறு

அவர் மாமியாருக்கு வந்தது கண்புரை. இவருக்கு வந்தது வேறு. இந்த வித்தியாசம் தெரியாததால் அநேகம் பேர் கெட்டுப்போவதால், பீங்கான் ஊர்க்காரர்களுக்குப் பீங்கானை வைத்தே சொல்லுகின்றோம்.

சூளையில் வைக்காத பச்சைப் பாண்டம் உடைந்தால் குயவர் அழமாட்டார். தண்ணீர் விட்டுக் குழைத்தால் அது மறுபடியும் மண்ணாகும், மறுபடியும் பாண்டமாகும். புரை என்பது அப்படிப்பட்டது. கண்ணுக்குள் இருக்கும் கண்ணாடி போன்ற வில்லை மங்கிப் போகின்றது. மங்கின வில்லையை எடுத்துவிட்டு வேறு வில்லை வைத்தால் பார்வை வருகின்றது. ஆறு மாதம் கழித்துப் போனாலும் பெரும்பாலும் வரும்.

சூளையில் வெந்த பீங்கான் உடைந்தால் எந்தத் தண்ணீரும் அதைக் குழைக்காது. கண் அழுத்த நோயில் கெடுவது வில்லை அல்ல. கண்ணிலிருந்து மூளைக்குப் போகின்ற பார்வை நரம்பு. அதில் சுமார் 10 லட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிய இழைகள் இருக்கின்றன. செத்த இழை பிழைப்பதில்லை. அதைப் பிழைக்க வைக்கும் மருந்தோ, கத்தியோ, மந்திரமோ இன்றைய தேதியில் உலகத்தில் எங்கும் இல்லை. இருக்கின்ற இழைகளைக் காப்பாற்றத்தான் வழி இருக்கின்றது.

ஆகவே, புரைக்காரனுக்கு "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது அசௌகரியம். அழுத்தக்காரனுக்கு "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது அங்கஹீனம்.

திருடன் எப்படி வருகின்றான்?

கண்ணுக்குள்ளே தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள நுண்ணிய வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கின்றது. இது அழும்போது வருகின்ற கண்ணீர் அல்ல. ஏரிக்கு வரத்து இருக்க, மதகு மாத்திரம் அடைபட்டுப்போனால் கரைக்கு என்ன ஆகும் என்று நம் தாலூகா விவசாயிக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கண்ணிலே வடிகால் அடைபட்டால் உள்ளழுத்தம் ஏறுகின்றது. பலவீனமான இடம், நரம்பு கண்ணை விட்டுப் புறப்படுகின்ற இடம். அங்கே நரம்பு இழைகள் நசுங்கிச் சாகின்றன. சாதாரணமாக இந்த அழுத்தம் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஆனால் சிலருக்கு அழுத்தம் இதற்குள்ளேயே இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. ஆதலால் அழுத்தத்தை மாத்திரம் அளந்து "ஒன்றுமில்லை, போ" என்பதும் போதாது. நரம்பையும் பார்த்தாக வேண்டும்.

இந்நோயின் கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், பெரும்பாலான பேருக்கு வலியே இல்லாமல் வருவது. முதலில் ஓரப் பார்வையைத் தின்னும். நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டு வைக்கும். ஒரு கண் இழந்த பாகத்தை மற்றக் கண் பார்த்துக் கொடுத்துவிடும். இரண்டிலும் இழந்த பாகத்தை மூளையே ஏதோ ஒன்றை வைத்து இட்டு நிரப்பிவிடும். கறுப்பாகத் தெரிந்தால் அல்லவா மனிதன் பயப்படுவான்? தெரியாத இடம் தெரியாததாகவே தெரிவதில்லை.

மற்றொரு வகையும் உண்டு. அதில் வடிகாலின் வாய் திடீரென்று மூடிக்கொள்ளும். கண் சிவந்து, மண்டை பிளக்கின்ற வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில்போல் வட்டம், பார்வை மங்கல் எல்லாம் சேர்ந்து வரும். வாந்தியைப் பார்த்து "பித்தம்" என்று கஷாயம் கொடுப்பதும், வலியைப் பார்த்துப் பற்றுப் போடுவதும், கண்ணில் பச்சிலைச் சாறு பிழிவதும் நம் வீடுகளில் நடக்கின்றன. அது மணிக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நோய். பொழுது விடியட்டும் என்றிருந்தால் அந்தக் கண்ணுக்கு விடியாமலே போகலாம்.

தென் ஜில்லாக்கள் சொல்லும் கணக்கு

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் நம் மாகாணத்தின் தென் ஜில்லாக்கள் மூன்றில் கிராமம் கிராமமாகப் போய், 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேருடைய கண்களைப் பரிசோதித்து 2003ஆம் வருஷத்தில் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அதாவது நாற்பது தாண்டினவர்கள் ஆயிரம் பேர் உள்ள கிராமத்தில் 26 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது வலியில்லாமல் வரும் வகை. அந்த வகைக்காரர்களில் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்கு அப்படி ஒரு நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

இந்தக் கணக்கை இரண்டு முறை படிக்கும்படி தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தெரியாது என்றால், அவர்கள் எல்லோரும் பிராது கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர். "வலி இல்லையே, எழுத்துத் தெரிகின்றதே, நமக்கென்ன" என்று இருந்தவர்கள். கடவுள் பார்த்துக்கொள்ளுவார் என்பது எப்படி அத்தாட்சியில்லாத நம்பிக்கையோ, அப்படியே "வலி இல்லாவிட்டால் நோய் இல்லை" என்பதும் அத்தாட்சியில்லாத நம்பிக்கைதான். முன்னதற்குக் கோயில் உண்டு, பின்னதற்குக் கோயில் இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

எலியட் துரை போட்ட துளை

இந்நோய்க்கு ஒன்றும் செய்ய முடியாது என்று கை விரித்த காலம் போய் ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. 1851ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் ஹெல்மோல்ட்ஸ் என்பவர் கண்ணுக்குள்ளே எட்டிப் பார்க்கின்ற கருவியைச் செய்தார். 1857இல் பெர்லின் நகரத்துக் கிராபே என்பவர் திடீர் வகைக் கண் அழுத்தத்துக்கு அறுவை முறை சொன்னார்.

அடுத்த பெரிய அடி எங்கே எடுத்து வைக்கப்பட்டது தெரியுமா? நம் சென்னையில். 1819ஆம் வருஷத்தில் தொடங்கி இன்று எழும்பூரில் இருந்து வருகின்ற அரசாங்கக் கண் ஆஸ்பத்திரிக்குத் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் என்பவர், 1909ஆம் வருஷத்தில் ஒரு சிகிச்சையை வெளியிட்டார். கருவிழியும் வெள்ளைவிழியும் சேருகின்ற ஓரத்தில், மேல்தோலின் அடியில், ஒரு சிறு வட்டக் கருவியால் துளை போட்டுத் தேங்கின நீருக்கு வழி விடுவதுதான் அது. மதகு அடைபட்டால் கரையில் பக்க வாய்க்கால் வெட்டுகின்ற நம் ஊர்ப் புத்திதான். சென்னை ஏழைகளின் கண்களில் கற்ற அந்த வித்தையை உலகமெல்லாம் எடுத்துக்கொண்டது. 1968இல் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கெயின்ஸ் என்பவர் அதைவிடப் பத்திரமான முறையைச் சொன்னார். அதன் வழிவந்ததே இன்றும் நடக்கின்றது.

இந்த எலியட் வேறொன்றும் செய்தார். அக்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிப் புரையுள்ள கண்ணில் ஊசியை விட்டு வில்லையை உள்ளே தள்ளிவிடுகின்ற நாட்டு வைத்தியர்கள் இருந்தார்கள். தள்ளின அன்று பார்வை வரும். வைத்தியர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊர் போய்விடுவார். பிறகு கண் சீழ் பிடித்தும் அழுத்தம் ஏறியும் பாழாகும். எலியட் இவர்களைத் திட்டிக்கொண்டு இருக்கவில்லை. கெட்டுப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்த கண்களைக் கணக்கெடுத்து, ஏன் கெட்டன என்று சோதித்துப் புத்தகமாக எழுதினார்.

உத்தியோகத்தை விட்டுச் சீமைக்குப் போன பின்பும் அவர் குணம் மாறவில்லை. ஆகாயத்தில் கயிற்றை எறிந்து அதில் பையனை ஏற்றி மறைய வைக்கின்ற "இந்தியக் கயிற்று வித்தை"யைப் பற்றிச் சீமையிலே பெரும் பேச்சாக இருந்தது. அங்குள்ள வித்தைக்காரர் சங்கத்தில் இப்படிப்பட்ட அதிசயங்களை விசாரிக்கும் கமிட்டிக்கு எலியட்தான் தலைவர். 1934ஆம் வருஷத்தில், செய்து காட்டுகின்றவருக்கு 500 கினி சன்மானம் என்று அந்தக் கமிட்டி அறிக்கை விட்டது. யாரும் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு போகவில்லை. கண்ணைத் திறந்து வைத்த மனிதர் கண்கட்டு வித்தையையும் திறந்து பார்த்ததில் நமக்கு ஆச்சரியமில்லை. இரண்டுக்கும் வேண்டியது ஒரே குணம்: "காட்டு, அளந்து பார்க்கிறேன்" என்பது.

கடைச் சொட்டு மருந்து

நம் தோழர் விஷயத்துக்கு வருவோம். அவருக்கு நோய் வந்த வழி எது என்று வைத்தியர் துருவித் துருவிக் கேட்டபோதுதான் அந்தக் கடைச் சொட்டு மருந்து வெளிப்பட்டது. சிவப்பை ஒரே நாளில் மறைக்கின்ற அநேக மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கின்றது. பெட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். வைத்தியர் நாள் குறித்துக் கொடுத்தால் அது நல்ல மருந்துதான். நாமாக வாங்கி மாசக்கணக்கில் போட்டால், சுமார் மூன்று பேரில் ஒருவருக்கு ஓரளவும், நூற்றுக்கு ஐந்து பேருக்கு வெகுவாகவும் கண் அழுத்தத்தை அது ஏற்றிவிடும். வைத்தியர் சீட்டு இல்லாமல் இதை விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கின்றது. சட்டம் கடைக்குள்ளே வந்து கல்லாவில் உட்காருவதில்லை.

தூசியிலும் அனலிலும் வேலை செய்கின்ற பீங்கான் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் தனியாகச் சொல்லுகின்றோம். உங்கள் சூளைக்குள்ளே எவ்வளவு சூடு இருக்கின்றது என்பதை நெருப்பின் நிறத்தை மாத்திரம் பார்த்து இன்று தீர்மானிக்கின்றீர்களா? அளவு தெரிந்து வளைகின்ற மண் கூம்பை உள்ளே வைத்துப் பார்க்கின்றீர்கள். கருவி வைத்தும் அளக்கின்றீர்கள். ஒரு கூம்பு சாமானுக்குக் காட்டுகின்ற ஜாக்கிரதையை உங்கள் இரண்டு கண்களுக்குக் காட்டக்கூடாதா என்று கேட்கின்றோம். உறுத்தலுக்கு முதல் மருந்து நல்ல தண்ணீரால் கண்ணைக் கழுவுவது; அதற்கும் முந்தின மருந்து மூக்குக்கண்ணாடி போன்ற காப்புக் கண்ணாடி. அதைக் கொடுக்க வேண்டியது பட்டறை முதலாளியின் கடமை. கேட்க வேண்டியது உங்கள் கடமை. கண்ணில் பலமான அடி பட்டவர்களுக்கு வருஷங்கள் கழித்தும் அழுத்தம் ஏறலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் யோக்கியதை

பிறரைச் சொன்னோம். இனி நம்மைச் சொல்லிக்கொள்ளாவிட்டால் யோக்கியமாகாது.

நம் தகப்பனார் கடைசி ஆறேழு வருஷம் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தவர். வயதாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நாமும் சொன்னோம். வெள்ளியில் கண் செய்து மாரியம்மனுக்குப் போடுகிறேன் என்று அம்மா சொன்னபோது மாத்திரம் சண்டைக்குப் போனோம். "வெள்ளிக் கண் போட்டால் சதைக் கண் வருமா?" என்று நாம் கேட்ட கேள்விக்கு அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை. கேள்வியில் ஜெயித்தோம். ஆனால் தகப்பனாரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வெள்ளிக்குச் செலவாகவில்லை என்கின்ற லாபத்தைத் தவிர, நம் பகுத்தறிவால் அந்தக் கிழவருக்கு ஒரு பிரயோஜனமும் உண்டாகவில்லை.

சூளைத் தோழரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன அன்று வைத்தியர் நம்மைப் பார்த்து, "உங்களுக்கும் நாற்பதுக்கு மேல இருக்குமே, உட்காருங்க. உங்க வீட்ல யாருக்காச்சும் பார்வை போயிருக்கா?" என்று கேட்டார். தகப்பனாரைச் சொன்னோம். அவர் முகம் மாறிற்று. இரத்த சம்பந்தமுள்ளவர்களுக்கு, அதாவது பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால் மற்றவர்களைவிட நமக்கு வரக்கூடிய வாய்ப்புப் பல மடங்கு என்று அன்றுதான் அறிந்தோம்.

ஒரு பெரிய கிண்ணம் போன்ற இயந்திரத்தில் முகவாயை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டு, எங்கே வெளிச்சப் பொட்டுத் தெரிந்தாலும் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். எல்லாப் பொட்டுக்கும் அழுத்திவிட்டோம் என்று பெருமையாகவே எழுந்தோம். காகிதத்தில் வந்த படத்திலே நம் இடக்கண்ணின் மேல் மூலை கறுத்திருந்தது. அங்கே காட்டப்பட்ட வெளிச்சங்களை நாம் காணவில்லை என்பது மாத்திரமல்ல. காணவில்லை என்பதும் நமக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக "கண்ணைத் திற" என்று ஊராருக்குப் பிரசங்கம் செய்துவந்த நம் நிலைமை இது.

அந்த மூலை இனி வராது. அது மணிமுத்தாற்றில் போட்ட பொன். எந்தக் குளத்திலும் கிடைக்காது. மீதியைக் காப்பாற்ற ராத்திரிதோறும் ஒரு சொட்டு மருந்து போட்டு வருகின்றோம்.

மருந்தும் தெய்வம் அல்ல

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை. கோயிலை விட்ட கையோடு ஆஸ்பத்திரியைக் கோயிலாக்கிக் கும்பிடும்படி நாம் சொல்லவில்லை. மருந்து என்ன செய்கின்றது என்பதையும் கணக்குக் கேட்டே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சுவீடன் தேசத்தில் ஆரம்ப நிலை நோயுள்ள 255 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிகிச்சை கொடுத்தும், மற்றப் பிரிவுக்கு உடனே கொடுக்காமல் கண்காணித்தும் சுமார் ஆறு வருஷம் பார்த்து 2002ஆம் வருஷத்தில் முடிவைச் சொன்னார்கள். சிகிச்சை பெறாதவர்களில் நூற்றுக்கு 62 பேருக்கு நோய் முன்னேறிற்று. பெற்றவர்களில் 45 பேருக்கு. ஆகவே மருந்து எல்லோரையும் காப்பாற்றிவிட்டது என்று சொன்னால் பொய். ஒன்றுமே செய்யவில்லை என்றாலும் பொய். சிலரைக் காத்தது, பலருக்கு நோயின் ஓட்டத்தைத் தாமதப்படுத்திற்று. அறுபது வயதில் போகவேண்டிய பார்வை எண்பது வரையில் நின்றால், அந்த இருபது வருஷத்தின் விலை என்னவென்று நம் தகப்பனாரைப்போல் சுவரைத் தடவினவர்களைக் கேளுங்கள்.

மருந்து போட்டால் பார்வை கூடுவது தெரியாது. நிறுத்தினால் குறைவதும் உடனே தெரியாது. இதனால்தான் ஒரு சீசா முடிந்ததும் "குணமாகவில்லையே" என்று நிறுத்திவிடுகின்றார்கள். அது குணமாக்கும் மருந்து அல்ல, காவல் காக்கும் மருந்து. காவற்காரனைத் திருட்டு நடக்காத இரவில் வேலையை விட்டு நீக்குகின்றவனை என்னவென்று சொல்லுவோம்? மருந்தை வைத்தியரைக் கேட்காமல் மாற்றவும் கூடாது. உதாரணமாக, மலிவாகக் கிடைக்கும் டைமோலால் என்கின்ற சொட்டு மருந்து ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை அடைத்துவிடக்கூடும். உள்ள நோயையெல்லாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சீசாவைக் கடன் வாங்கிப் போடக்கூடாது.

என்ன செய்யவேண்டும்?

முதலாவது, 40 வயது நிரம்பின ஆணும் பெண்ணும் ஒவ்வொருவரும், கண் நன்றாய்த் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒரு தடவை முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது மாத்திரம் பரிசோதனை அல்ல. கண்ணாடிக் கடையில் கண்ணாடி வாங்குவதும் பரிசோதனை அல்ல. "அழுத்தம் பாருங்கள், நரம்பைப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கமில்லை.

இரண்டாவது, குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களும், சர்க்கரை வியாதிக்காரர்களும், பலத்த கிட்டப்பார்வைக் கண்ணாடி போடுகின்றவர்களும், கண்ணில் அடிபட்டவர்களும், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உபயோகித்தவர்களும் நாற்பது வரையில் காத்திராமல் முன்னதாகவே போகவேண்டும். வைத்தியர் சொன்ன தவணையில் மறுபடியும் மறுபடியும் போகவேண்டும்.

மூன்றாவது, பெண்களை அழைத்துப் போகவேண்டும். புருஷன் கண்ணுக்குப் பிராது கட்டப் போகின்ற அம்மாள், தன் கண்ணுக்காக ஆஸ்பத்திரிப் படி ஏறினதாக நாம் காண்பது அரிது. திடீர் வகை அழுத்தமோ பெண்களுக்கே அதிகமாக வருவது. அடுப்படிப் புகையில் கண் மங்கிற்று என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை யார் கேட்பது?

போக இடமில்லை என்று சொல்லுவதற்கில்லை. நம் ஊரிலேயே அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கின்றது. அங்கே முடியாததற்குச் சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும், புதுச்சேரியில் ஜிப்மரும் அரவிந்தும் இருக்கின்றன. விருத்தாசலம் ரயில் சந்திப்பு; பஸ்ஸுக்கும் குறைவில்லை. வெளியூர்க் கோயிலுக்கு மொட்டை போட வேன் பிடித்துக்கொண்டு போகத் தெரிந்த நமக்கு இந்த வழி தெரியாதா?

அரசாங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. 2021ஆம் வருஷத்திலிருந்து சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகின்றது. இது நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகின்றோம். அந்த மாத்திரையைப் போலவே ஆயுள் முழுதும் நிறுத்தாமல் போடவேண்டியதுதான் கண் அழுத்தச் சொட்டு மருந்தும். அதுவும் ஏழையின் வீடு தேடி வரவேண்டும். ஊரில் நடக்கின்ற கண் முகாம்களில் புரையைத் தேடுவதோடு நிற்காமல் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கவேண்டும். தூசியும் அனலும் நிறைந்த பீங்கான் தொழிற்பேட்டையில் வருஷத்துக்கு ஒரு முறையாவது தொழிலாளர் கண்ணைப் பார்க்க ஏற்பாடு வேண்டும். இதற்காக நாமும் ஒரு பிராது எழுதத் தயார். ஆனால் அதை மணவாளநல்லூரில் கட்டமாட்டோம்; பதில் சொல்லக் கடமைப்பட்ட கலெக்டர் கையில் கொடுப்போம்.

கடைசியாக, நம் இயக்கத் தோழர்களுக்கு. "நேர்த்திக்கடனால் கண் வராது" என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவது பாதிப் பிரசாரம். "வா, நாளைக்கு நானும் வருகிறேன், சேர்ந்து போவோம்" என்று கையைப் பிடிப்பதுதான் மறுபாதி. அந்த மறுபாதியை நாம் செய்யாததால் ஒரு தகப்பனாரையும் ஒரு தோழரையும் இழந்ததற்குச் சமானமாக நிற்கின்றோம்.

அந்தச் சூளைத் தோழர் இப்போது மீதியுள்ள பார்வையை வைத்துக்கொண்டு, பட்டறையில் நாற்பது தாண்டினவர்களை ஒவ்வொருவராகச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டு இருக்கின்றார். போன மாசம் அவர் மனைவியையும் அழைத்துப் போனார். அந்த அம்மாளுக்கு நோய் இல்லை. பரிசோதனை முடிந்து வெளியே வந்த அம்மாள் நம்மைப் பார்த்து, "அண்ணே, இதை ரெண்டு வருஷம் முந்தியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

சுந்தரருக்கு முதலில் ஊன்றுகோல்தான் கிடைத்தது என்று புராணமே சொல்லுகின்றது. காலம் கடந்து வருகின்றவருக்கு ஆஸ்பத்திரியிலும் கிடைக்கக்கூடியது அதுதான். தோழர்களே! ஊன்றுகோல் கைக்கு வரும் முன்பு போங்கள். கூட ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.